முப்பதா, முப்பத்தாறா: மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டில் கிட் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போய்விடுகிறது

பெங்களூருவில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 1 முதல் 36 ரூபாய். முதல் 2 கிலோமீட்டருக்கு அது. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. அதற்கு முன்பு 30-ம் 15-மாக இருந்தது. இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 5 வரை ஒன்றரை மடங்கு. மீட்டர் போடும் ஆட்டோ சில்க் போர்டில் கிடைக்குமா என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். இந்தக் கட்டணத்தைக் கணக்கிடும் செயலி ஒன்றை எலெக்ட்ரானிக் சிட்டியில் நாலைந்து பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் ஒரே கோட்டில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து சேர்க்கும் கருவி கிட். அப்படிச் சேர்ப்பது மெர்ஜ், சேர்க்கும்போது இரண்டு பேரின் மாற்றங்கள் முட்டிக்கொண்டால் அது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டில் நடக்கக்கூடிய தப்பு எல்லாவற்றையும் இந்த மூன்று எண்களை வைத்தே காட்டிவிடலாம்.

பழைய கோட் இப்படி இருக்கிறது:

குறைந்தபட்சம் = 30
கிமீ_விலை = 15
மொத்தம் = குறைந்தபட்சம் + கிமீ_விலை * கூடுதல்_கிமீ

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கூடுதல்_கிமீ என்பதற்கு மேலே ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் இது அப்படியே ஓடும்.

ஒருவர் ‘புதுக்கட்டணம்’ என்று பிராஞ்ச் (கோட்டின் தனிக் கிளை) எடுத்து 30-ஐ 36 ஆகவும் 15-ஐ 18 ஆகவும் மாற்றுகிறார். அதே வாரம் இன்னொருவர் ‘இரவு’ என்ற பிராஞ்சில் ‘மடங்கு’ என்ற மாறியைக் கொண்டுவந்து முதல் இரண்டு வரியையும் அதனால் பெருக்குகிறார். பகலில் அதன் மதிப்பு 1, இரவில் 1.5. புதுக்கட்டணம் முதலில் மெயினுக்குள் (எல்லோருக்கும் பொதுவான பிராஞ்ச்) போய்விடுகிறது. பிறகு இரவு பிராஞ்சில் இருப்பவர் ‘கிட் மெர்ஜ் மெயின்’ என்று அடித்ததும் கிட் நின்றுவிடுகிறது. (கட்டளைகளை இங்கே காதில் விழுகிற ஒலியிலேயே எழுதியிருக்கிறது. டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) ஃபைலைத் திறந்தால் இது தெரியும் (ஹெட் என்பது நாம் நிற்கும் பிராஞ்சின் முனை):

<<<<<<< ஹெட்
குறைந்தபட்சம் = 30 * மடங்கு
கிமீ_விலை = 15 * மடங்கு
=======
குறைந்தபட்சம் = 36
கிமீ_விலை = 18
>>>>>>> மெயின்

விஎஸ் கோட் எடிட்டர் இதற்கு மேலேயே பொத்தான் மாதிரி மூன்று வழி காட்டும்: ‘அக்செப்ட் கரன்ட்’ (மேல் பக்கம்), ‘அக்செப்ட் இன்கமிங்’ (கீழ்ப் பக்கம்), ‘அக்செப்ட் போத்’ (இரண்டும்). மூன்றுமே இங்கே தப்பு. இரவு 11 மணிக்கு 7 கிலோமீட்டர் போகும் ஒரு சவாரியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியான கட்டணம் 36 கூட்டல் ஐந்து பதினெட்டு, ஆக 126. ஒன்றரை மடங்குக்கு 189 ரூபாய். கரன்ட்டை வைத்தால் 157 ரூபாய் 50 காசு வரும். இன்கமிங்கை வைத்தால் 126. இரண்டையும் வைத்தால் நான்கு வரிகளும் அடுத்தடுத்து நிற்கும், கடைசியாக எழுதிய 36-ம் 18-ம் முந்தைய மதிப்பை அழித்துவிடும், மறுபடி 126 தான். எந்தப் பிழைச் செய்தியும் வராது. செயலி சந்தோஷமாக ஓடும், டிரைவரின் பாக்கெட்டில் 63 ரூபாய் குறையும்.

சரியான விடை ‘36 * மடங்கு’, ‘18 * மடங்கு’. அந்த வரி இரண்டு பக்கத்திலும் இல்லை, அதனால் எந்தப் பொத்தானாலும் அதைத் தர முடியாது.

மூன்றாவது பிரதி

மேலே இருக்கும் கான்ஃப்ளிக்ட்டை, கதை தெரியாத ஒருவராக மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் 30, மறு பக்கம் 36. கட்டணம் முப்பதிலிருந்து முப்பத்தாறுக்கு ஏறியதா, முப்பத்தாறிலிருந்து முப்பதுக்கு இறங்கியதா? இந்த ஏழு வரியில் அதற்குப் பதில் கிடையாது. ஆட்டோ கட்டணம் என்பதால் நமக்குத் தெரிகிறது. இதுவே ஒரு டைம்அவுட் எண்ணாகவோ ஒரு வரி விகிதமாகவோ இருந்தால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலான தப்பான மெர்ஜ்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு எது சரி என்று ஊகிக்கிறோம். இரண்டும் கிளம்பிய மூலம் எப்படி இருந்தது என்று பார்ப்பதில்லை.

கிட் அதைப் பார்க்கிறது. மெர்ஜின் அடிப்படையே மூன்று பிரதிகள்தான்: நம் முனை, எதிர் முனை, இரண்டும் பிரிந்த இடம். பிரிந்த இடத்துக்கு ‘மெர்ஜ் பேஸ்’ என்று பெயர். பேஸிலிருந்து ஒரு பக்கம் மட்டும் மாறிய வரியைக் கிட் அந்தப் பக்கத்துக்கே விட்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றியிருந்தால் ஒரு தடவை எடுத்துக்கொள்ளும். வேறுவேறாக மாற்றியிருந்தால் நிற்கும். ஒரே வரியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் 10-வது வரியையும் இன்னொருவர் 11-வது வரியையும் மாற்றியிருந்தாலும், நடுவில் மாறாத வரி ஒன்றாவது இல்லாவிட்டால் கிட் நிற்கும். இம்போர்ட் பட்டியலின் (ஃபைலின் தலையில் வெளிக் கோட்டைக் கூப்பிடும் வரிகள்) கடைசியில் ஆளுக்கொரு வரி சேர்ப்பவர்கள் தினமும் முட்டிக்கொள்வது இதனால்தான். பட்டியலை அகரவரிசையில் வைத்திருந்தால் புது வரிகள் வெவ்வேறு இடத்தில் விழும், முட்டல் பாதியாவது குறையும்.

கிட் வைத்திருக்கும் அந்த மூலத்தை நமக்குக் காட்டச்சொல்ல ஒரே ஒரு வரி போதும்: ‘கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் ஸீடிஃப்3’. இந்த ஸீடிஃப்3 கிட் 2.35-இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் ‘டிஃப்3’ என்று போடலாம். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் தலை, வால் வரிகளை ஸீடிஃப்3 குறிகளுக்கு வெளியே தள்ளிவிடும், டிஃப்3 தள்ளாது, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் போட்ட பிறகு அதே கான்ஃப்ளிக்ட் இப்படி வரும்:

<<<<<<< ஹெட்
குறைந்தபட்சம் = 30 * மடங்கு
கிமீ_விலை = 15 * மடங்கு
||||||| மூலம்
குறைந்தபட்சம் = 30
கிமீ_விலை = 15
=======
குறைந்தபட்சம் = 36
கிமீ_விலை = 18
>>>>>>> மெயின்

(நடுக்குறிக்குப் பக்கத்தில் உண்மையில் ஒரு கமிட்டின், அதாவது கிட்டில் பதிவு செய்த ஒரு மாற்றத்தின், எண் நிற்கும்.) இப்போது ஊகத்துக்கு வேலை இல்லை. மூலத்திலிருந்து மேல் பக்கம் போகும்போது பெருக்கல் சேர்ந்திருக்கிறது. கீழ்ப் பக்கம் போகும்போது எண் மாறியிருக்கிறது. இரண்டில் எந்த மாற்றம் சிறியது என்று பார்த்து, பெரிய மாற்றம் செய்த பக்கத்தை வைத்துக்கொண்டு, சிறியதை அதன் மேல் கையால் மறுபடி செய்வது. எந்த மொழியாக இருந்தாலும், ஒரு பக்கம் 200 வரியைப் புரட்டிப் போட்டிருந்தாலும் வேலை இதுதான். 200 வரியை மாற்றியவரின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 3 வரி மாற்றியவர் என்ன செய்யவந்தார் என்று அவருடைய கமிட்டைப் படித்துவிட்டு, அந்த 3 வரியைப் புது இடத்தில் எழுதுங்கள். வரிக்கு வரி பின்ன முயன்றால் சாயங்காலம் ஆகிவிடும்.

யார் எதற்காக மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் ‘கிட் லாக் --மெர்ஜ் -பி’ உதவும். கான்ஃப்ளிக்ட்டில் இருக்கும் ஃபைல்களைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். அதிலும் புரியவில்லை என்றால் போனை எடுப்பதுதான் வேகமான வழி. “அண்ணா, அந்த முப்பது நீங்க வெச்சதா, இல்ல பழசா?” என்ற ஒரு கேள்வி அரை மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும். அவர் அதற்குள் மடிவாளாவில் சேலம் பஸ் ஏறியிருந்தாலும் பதில் சொல்வார். வெள்ளிக்கிழமை மாலை மெர்ஜ் செய்யக்கூடாது என்று பல டீம்களில் எழுதாத சட்டம் இருப்பதற்கும் இந்த பஸ்தான் காரணம்.

முட்டிக்கொள்வதே வேண்டாம் என்று ஒரு காலத்தில் பூட்டு போட்டுப் பார்த்தார்கள். 1980களில் வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ் போன்ற கருவிகளில் ஒரு ஃபைலை ஒருவர் எடுத்துப் பூட்டினால் மற்றவர் தொட முடியாது. பூட்டியவர் சாவியோடு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டால் டீம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான். 1986-இல் டிக் க்ரூன் தொடங்கிய சிவிஎஸ், எல்லோரும் நகல் எடுத்து மாற்றுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழியைப் பரப்பியது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் அந்த வழியின் வாரிசு. பூட்டு இன்றும் முழுக்கச் சாகவில்லை. போட்டோஷாப் ஃபைல், கேம் காட்சிகள் போல வரியாகப் பிரிக்க முடியாதவற்றுக்குப் பூட்டுதான் நியாயமான வழி.

கைவேலை

மெர்ஜ் தொடங்குமுன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ சுத்தமாக இருக்கவேண்டும். கமிட் ஆகாத மாற்றங்களோடு மெர்ஜைத் தொடங்கிவிட்டு, நடுவில் அதைக் கைவிட ‘கிட் மெர்ஜ் --அபார்ட்’ அடித்தால், அந்த மாற்றங்கள் பழையபடி திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கமிட் செய்யுங்கள், இல்லை ஸ்டாஷில் (தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இடம்) போடுங்கள். சுத்தமாகத் தொடங்கியிருந்தால் அபார்ட் எப்போதும் கைகொடுக்கும், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கான்ஃப்ளிக்ட் நேரத்தில் கிட் தன் இன்டெக்ஸில் (அடுத்த கமிட்டைத் தயார் செய்யும் இடம்) ஒரே ஃபைலின் மூன்று பிரதிகளையும் எண் போட்டு வைத்திருக்கும்: 1 மூலம், 2 நம்முடையது, 3 எதிர்ப்பக்கம். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -யூ’ அந்தப் பட்டியலைக் காட்டும். ‘கிட் ஷோ :1:’ என்று போட்டு ஃபைல் பெயரை ஒட்டி எழுதினால் மூலப் பிரதி முழுதாக வரும். குறிகள் சிக்கலாகி எங்கே எது என்று புரியாதபோது மூன்றையும் தனித்தனி ஃபைலாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

தீர்த்த பிறகு ‘கிட் ஆட்’ அடிக்கிறோம். பலர் நினைப்பதுபோல அந்தக் கட்டளை எதையும் சரிபார்ப்பதில்லை. ஏழு சமக்குறியும் ஃபைலுக்குள் அப்படியே இருந்தாலும் ‘தீர்ந்தது’ என்று குறித்துக்கொள்ளும். பைத்தான், ஜாவா ஃபைலில் குறி மிஞ்சினால் ஓட்டும்போதே மாட்டிக்கொள்ளும். எச்டிஎம்எல்லிலும் ரீட்மீயிலும் மிஞ்சினால் பயனர்தான் முதலில் பார்ப்பார். ஆட்-க்கு முன் ‘கிட் டிஃப் --செக்’, ஆட்-க்குப் பின் என்றால் ‘கிட் டிஃப் --கேஷ்டு --செக்’. மிஞ்சிய குறி இருக்கும் வரி எண்ணைச் சொல்லிவிடும். சிஐ-யிலேயே (கோட் வந்ததும் தானாகச் சோதனைகளை ஓட்டும் ஏற்பாடு) இந்தச் சோதனையைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

திருத்தும்போதே குழப்பிவிட்டால் முழு மெர்ஜையும் கைவிடத் தேவையில்லை. ‘கிட் செக்அவுட் -எம் --’ என்று போட்டு அந்த ஒரு ஃபைலின் பெயரைக் கொடுத்தால் குறிகளோடு கூடிய பழைய கான்ஃப்ளிக்ட் திரும்ப வரும். ஆட் அடித்திருந்தாலும் வரும். கமிட்டே ஆகிவிட்டது, ஆனால் புஷ் (பொதுச் சர்வருக்கு அனுப்புவது) ஆகவில்லை என்றால் ‘கிட் ரீசெட் --ஹார்ட் ஓரிக்_ஹெட்’ மெர்ஜுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். புஷ் ஆகிவிட்டால் கதை வேறு, கடைசியில் வருகிறது.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஒரு ஃபைலை முழுதாக ஒரு பக்கத்திலிருந்து எடுக்க ‘கிட் செக்அவுட் --அவர்ஸ்’, ‘--தெயர்ஸ்’ என்று இரண்டு உண்டு. தமிழ்க் காதுக்கு ‘அவர்ஸ்’ என்றால் அவருடையது என்றுதான் விழும், அர்த்தம் நம்முடையது. வேடிக்கை என்னவென்றால், ரீபேஸ் செய்யும்போது தமிழ்க் காதுதான் சரி. ரீபேஸ் என்பது நம் கமிட்டுகளை எடுத்து மெயினின் நுனியில் ஒவ்வொன்றாக மறுபடி ஒட்டுவது. கிட் அப்போது மெயினில் நின்றுகொண்டிருக்கிறது, ஆகவே அதற்கு ‘நம்முடையது’ மெயின். வந்து ஒட்டப்படும் உங்கள் கமிட் ‘அவர்களுடையது’. இதை மறந்து ரீபேஸ் நடுவில் ‘--அவர்ஸ்’ அடித்தவர்கள் அந்த ஃபைலில் தங்கள் மாற்றத்தை இழப்பார்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மெர்ஜ் கட்டளையோடு கொடுக்கும் ‘-எக்ஸ் அவர்ஸ்’ என்பது கான்ஃப்ளிக்ட் வந்த இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுக்கும், மற்ற மாற்றங்கள் இரண்டு பக்கமிருந்தும் வரும். ‘-எஸ் அவர்ஸ்’ எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு எழுத்தைக்கூட எடுக்காது. ஆனால் வரலாற்றில் மெர்ஜ் ஆனதாகவே பதிவாகும். ஓர் எழுத்து மாறினால் இன்னொருவரின் ஒரு மாத வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். பிறகு எத்தனை முறை மெர்ஜ் செய்தாலும் அது வராது.

ரீபேஸில் எட்டு கமிட் இருந்தால் ஒரே கான்ஃப்ளிக்ட் எட்டு தடவை வரலாம். முதலில் நம் பிராஞ்சின் கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கிவிட்டு ரீபேஸ் செய்தால் ஒரு தடவையோடு போகும். சுருக்க மனமில்லாதவர்களுக்கு ‘ரீரீர்’ உண்டு. ‘கிட் கான்ஃபிக் --குளோபல் ரீரீர்.எனேபிள்ட் ட்ரூ’ என்று போட்டுவிட்டால், நீங்கள் ஒரு கான்ஃப்ளிக்ட்டை எப்படித் தீர்த்தீர்கள் என்று கிட் நினைவில் வைத்துக்கொண்டு, அதே முட்டல் மறுபடி வரும்போது தானாகப் போட்டுக்கொடுக்கும். தீர்த்தவற்றை வழக்கமாக 60 நாளும் தீர்க்காதவற்றை 15 நாளும் வைத்திருக்கும். இது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும், புஷ் ஆகாது. ஆபத்தும் இதில்தான்: முதல் தடவை தப்பாகத் தீர்த்திருந்தால் அந்தத் தப்பையே விசுவாசமாகத் திருப்பிச் செய்யும். அப்போது ‘கிட் ரீரீர் ஃபர்கெட்’ என்று அந்த ஃபைலைக் கொடுத்து மறக்கச் சொல்லவேண்டும்.

கையால் தீர்க்கக்கூடாதவை

ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களுக்கு வெளி நூலகங்களைக் கொண்டுவரும் கருவியான என்பிஎம்-இன் பேக்கேஜ்-லாக் ஃபைலை வரிவரியாகத் தீர்க்க உட்காருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது மனிதர் எழுதிய ஃபைல் இல்லை. இன்னொரு ஃபைலிலிருந்து கருவி உருவாக்கியது. பேக்கேஜ்.ஜேசனில் இருக்கும் முட்டலை மட்டும் கையால் தீர்த்துவிட்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடியுங்கள். 5.7 பதிப்பிலிருந்து குறிகளோடு கூடிய லாக் ஃபைலையும் அது தானே சரிசெய்துகொள்ளும். மற்ற மொழிகளின் லாக் ஃபைல்களுக்கும் இதே வழிதான்: மூலத்தைத் தீர், கருவியை மறுபடி ஓட்டு.

பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவின் மைக்ரேஷன்கள் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஃபைல்கள்) இதற்கு நேர்எதிர். இரண்டு பேர் 0011-க்குப் பிறகு ஆளுக்கொரு 0012 உருவாக்குகிறார்கள். ஃபைல் பெயர் வேறு, அதனால் கிட்டுக்கு முட்டலே தெரியாது, வழுக்கிக்கொண்டு மெர்ஜ் ஆகும். ‘மைக்ரேட்’ ஓட்டும்போது ஜாங்கோதான் இரண்டு நுனி இருக்கிறது என்று கத்தும். ‘மேக்மைக்ரேஷன்ஸ் --மெர்ஜ்’ இரண்டையும் சேர்க்கும் மூன்றாவது மைக்ரேஷனை எழுதிக்கொடுக்கும். இரண்டும் வேறுவேறு டேபிளைத் தொட்டிருந்தால் அப்படியே ஏற்கலாம். ஒரே டேபிளின் ஒரே நெடுவரிசையைத் தொட்டிருந்தால் எது முதலில் ஓடவேண்டும் என்று ஆள்தான் முடிவு செய்யவேண்டும்.

மாற்றப் பட்டியல் போன்ற, ஆளுக்கொரு வரி சேர்த்துக்கொண்டே போகும் ஃபைல்களுக்கு ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ ஃபைலில் ‘மெர்ஜ்=யூனியன்’ போடலாம். இரண்டு பக்க வரிகளையும் கேள்வி கேட்காமல் அடுக்கிவிடும். ஜேசன் ஃபைலுக்கோ கோட்டுக்கோ இதைப் போடுவது வினையை விலைக்கு வாங்குவது. மேலே பார்த்த ‘அக்செப்ட் போத்’ தப்பைத் தானியங்கியாக்கியது மாதிரி.

தமிழ் மொழிபெயர்ப்பு ஃபைல்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு விசித்திரமும் உண்டு. குறிக்கு மேலும் கீழும் ஒரே வரி, ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை, ஆனாலும் கிட் முட்டுகிறது என்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. ஒருவரின் கீபோர்டு ஒன்றையும் இன்னொருவரின் கருவி மற்றொன்றையும் எழுதியிருக்கும். கோ, கௌ வரிசையிலும் இதே கதை. இரண்டு பிரதியையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தால் முட்டல் மறைந்துவிடும். கமிட் ஆகும் முன்பே எல்லா மொழிபெயர்ப்பு ஃபைல்களையும் என்எஃப்சி ஆக்கும் ஒரு ஹுக் (கிட் தானாக ஓட்டும் சிறு நிரல்) போட்டுவிட்டால் மறுபடி வராது.

இதே ரகத்தில் வருவது விண்டோஸ், மேக் வரிமுடிவு வித்தியாசம்: ஃபைல் முழுவதும் ஒரே கான்ஃப்ளிக்ட்டாகத் தெரியும். ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’-இல் ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’ போட்டுவிட்டு, ‘-எக்ஸ் ரீநார்மலைஸ்’ என்று கொடுத்து மெர்ஜ் செய்தால் உண்மையான முட்டல் மட்டும் மிஞ்சும். வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் ‘-எக்ஸ் இக்னோர்-ஆல்-ஸ்பேஸ்’ ஜாவாவுக்குச் சரி. பைத்தானில் வரிக்கு முன்னால் இருக்கும் இடம்தான் இலக்கணம் என்பதால் அங்கே கிட்டப் போகாதீர்கள்.

மொத்தக் கோட்டையும் ஃபார்மேட்டர் ஓட்டி அழகுபடுத்திய கமிட் மெயினில் விழுந்துவிட்டால், திறந்திருக்கும் பிராஞ்ச் எல்லாம் சிவப்பாகும். கையால் தீர்க்க ஆரம்பித்தால் முடியாது. முதலில் அந்த ஃபார்மேட் கமிட்டுக்கு நேர் முந்தைய கமிட் வரை மட்டும் உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்து, உண்மையான முட்டல்களைத் தீருங்கள். அடுத்து அதே ஃபார்மேட்டரை, அதே பதிப்பில், அதே அமைப்போடு உங்கள் பிராஞ்சில் ஓட்டி கமிட் செய்யுங்கள். பிறகு ஃபார்மேட் கமிட்டை ‘-எஸ் அவர்ஸ்’ போட்டு மெர்ஜ் செய்யுங்கள். அந்தக் கமிட்டில் ஃபார்மேட் தவிர வேறு எதுவும் இல்லை என்பதால் அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. பள்ளம் என்று மேலே சொன்ன கட்டளை நியாயமாகப் பயன்படும் அபூர்வமான இடம் இது. அதற்குப் பிறகு மெயினின் மீதியை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம்.

கிட் நிற்காமல் போகும் இடங்கள்

இதுவரை பார்த்தது எல்லாம் கிட் நின்று, கூப்பிட்டுச் சொன்ன முட்டல்கள். அவை நல்ல ஜாதி. கிட்டுக்கு வரி தெரியும், வரியின் அர்த்தம் தெரியாது. ஆட்டோ செயலியில் ரசீது அச்சிடும் கோட் வேறொரு ஃபைலில் இருக்கிறது. மூன்றாவது ஒருவர், இரவுக் கட்டணம் இன்னும் வரவில்லை என்று நினைத்து, ரசீதில் வரும் மொத்தத்தை ஒன்றரையால் பெருக்கி எழுதிவிட்டார். இரண்டும் வேறு ஃபைல், கிட் எதுவும் கேட்காது. மெர்ஜ் பச்சை. அதே 7 கிலோமீட்டர் இரவுச் சவாரிக்கு இப்போது 189-ஐ மறுபடி ஒன்றரையால் பெருக்கி 283 ரூபாய் 50 காசு. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுவது, இன்னொருவர் அதே வாரம் வேறு ஃபைலில் பழைய பெயரைக் கூப்பிடுவது, இதுவும் அதே வகை. கம்பைல் ஆகும் மொழியில் உடனே சிக்கும், பைத்தானில் அந்த வரி ஓடும் நாளில் சிக்கும்.

இதைப் பிடிக்க மெர்ஜ் ஆன கோட்டின் மேல் டெஸ்ட் ஓடவேண்டும். இரண்டு பிராஞ்சும் தனித்தனியாகப் பச்சையாக இருப்பது எதையும் நிரூபிக்காது. புல் ரிக்வெஸ்ட்டின் (பிராஞ்சை மெயினில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) டெஸ்ட் ஓடி முடிந்த பிறகு மெயின் நகர்ந்திருந்தால் அந்தப் பச்சை பழைய பச்சை. மெர்ஜ் கியூ என்ற ஏற்பாடு இதற்காகத்தான்: ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் வரிசையில் தனக்கு முன்னால் இருப்பவற்றோடு சேர்த்து டெஸ்ட் ஓட்டி, தேறினால் மட்டும் உள்ளே விடும். லினக்ஸ் கெர்னலில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்வது லினக்ஸ்-நெக்ஸ்ட். 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிளை மரங்களை வேலைநாள்தோறும் சேர்த்துப் பார்த்து, எது எதோடு முட்டும் என்று டோர்வால்ட்ஸிடம் போவதற்கு முன்பே தெரியப்படுத்தும். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. கிளை பராமரிப்பவர்கள் முட்டலைத் தவிர்ப்பதற்காக மட்டும் டோர்வால்ட்ஸின் மரத்தைத் தங்கள் கிளைக்குள் இழுத்துக்கொள்ளக்கூடாது. இங்கே முட்டும், இப்படித் தீர்க்கலாம் என்று கடிதத்தில் எழுதி அனுப்பினால் போதும், தீர்ப்பதை அவர் பார்த்துக்கொள்வார். நம் அலுவலகங்களில் ‘கான்ஃப்ளிக்ட் வந்தா பிராஞ்ச் வெச்சிருக்கறவன் பாடு’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கத்தையும் அறிந்தவர் தீர்ப்பதுதான் முறை. அது சில சமயம் டீமில் மூன்றாவது ஆளாக இருக்கும்.

ஃபைலையே இடம் மாற்றியிருந்தால் கிட் ஓரளவு பின்தொடரும். பழையதும் புதியதும் 50 சதவீதமாவது ஒத்திருந்தால் பெயர் மாறிய அதே ஃபைல் என்று எடுத்துக்கொண்டு மாற்றங்களைப் புது இடத்தில் போடும். அதற்குக் கீழே போனால் ‘ஒருவர் அழித்தார், ஒருவர் மாற்றினார்’ என்று நிற்கும். அந்த ஃபைலில் குறிகளே இருக்காது, மாற்றியவரின் முழுப் பிரதி மட்டும் கிடக்கும். அழித்துவிடு என்று சொன்னால் மாற்றமும் போச்சு. மூலத்திலிருந்து அந்தப் பிரதிவரை என்ன மாறியது என்று எடுத்து, கோட் எங்கே நகர்ந்திருக்கிறதோ அங்கே போய் எழுதவேண்டும்.

பெயர் மாற்றத்தை ஒரு கமிட்டிலும் உள்ளடக்க மாற்றத்தை இன்னொரு கமிட்டிலும் போட்டால் இது சரியாகிவிடும் என்று பரவலான நம்பிக்கை உண்டு. மெர்ஜுக்கு அது உதவாது. கிட் மெர்ஜ் செய்யும்போது நடுவில் வந்த கமிட்டுகளைப் பார்ப்பதே இல்லை; மூலமும் இரண்டு முனைகளும்தான் கணக்கு. பெயர் மாற்றத்தை மட்டும் முதலில் மெயினில் சேர்த்து, மற்றவர்கள் அதை இழுத்துக்கொண்ட பிறகு உள்ளடக்கத்தில் கை வைத்தால்தான் பலன்.

முனைகளை மட்டும் பார்ப்பதன் இன்னொரு விளைவு, புஷ் ஆன பிறகு மெர்ஜைத் திருப்புவதில் தெரியும். இரவு பிராஞ்ச் மெயினில் சேர்ந்து, தப்புக் கட்டணம் வந்து, ‘கிட் ரிவர்ட் -எம் 1’ போட்டுத் திருப்பிவிட்டார்கள். இரவு பிராஞ்சில் பிழையைத் திருத்தி ஒரு கமிட் போட்டு மறுபடி மெர்ஜ் செய்கிறார்கள். புதுத் திருத்தம் மட்டும் வருகிறது, இரவுக் கட்டணக் கோட்டையே காணோம். கிட்டின் கணக்கில் பழைய கமிட்டுகள் ஏற்கெனவே மெயினில் இருக்கின்றன. மூலம் அவற்றைத் தாண்டி நகர்ந்துவிட்டது. அவற்றை நீக்கியது மெயினின் பிந்தைய முடிவு. முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, அதன் பிறகு பிராஞ்சை மெர்ஜ் செய்யவேண்டும். செய்த பிறகு ‘கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்’ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிட் தானாகச் சேர்த்திருந்தால் என்ன வந்திருக்கும், ஆள் கை வைத்ததில் எது மாறியது என்று அது மட்டும்தான் தனியாகக் காட்டும். மெர்ஜ் கமிட்டை ரிவ்யூ செய்பவர் பார்க்கவேண்டியதும் அதைத்தான்.